வேலமரத்தடியில் இன்னும் ஒரு நாள்

மிருகக்காட்சிசாலை ஒன்றில் சிங்காரி என்று ஒரு கிழட்டு வரிக்குதிரை இருந்தது. குட்டியாக இருக்கும்போதே ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. வருஷாவருஷம் மழையோடு அங்கிருந்து பறந்துவரும் சுடலைக்குயில்தான் அதற்குச் சிநேகிதி. குயில் வந்து இறங்கியதும் ஊர்ப்பயணத்துக்குத் திட்டம் போட ஆரம்பித்துவிடும் சிங்காரி.

"கும்பலோட வேண்டாம்டி. நீ ஒருத்தி வழிகாட்டினா போதும். யானையை, ஒட்டகச்சிவிங்கியைக் கிட்டப் போய்ப் பார்க்கணும். சிங்கத்தை மட்டும் தூரத்துலேர்ந்து காட்டு."

"சரிக்கா. அப்புறம்?"

"ஆத்தோரத்து வேலமரம். அம்மா அதுலதான் முதுகைத் தேய்ச்சுக்குவா. மழை விட்டதும் அவ மேல மண் மணக்கும்."

"அக்கா, அந்த மரம் இப்ப..."

"கடைசியில கடற்கரை!" என்று அவசரமாகக் குறுக்கிட்டது சிங்காரி. "அலையில காலை நனைச்சுக்கிட்டு நாலு நாள் சும்மா கிடக்கணும்."

மழைக்காலம் முடிந்தது. குயில் கிளம்புகிற காலையில், தீனி போட வந்த ஆள் கதவைத் தாழிட மறந்து போய்விட்டான்.

"அக்கா, கதவு திறந்திருக்கு! வா, இப்பவே போயிடலாம்!"

சிங்காரி வாசல்வரை வந்தது. வெளியே பாதை நீண்டு கிடந்தது. காதை விடைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தது. பிறகு மூக்கால் மெல்லத் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது.

குயில் திகைத்துப்போய்க் கம்பிமேல் உட்கார்ந்தது.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போடி," என்றது சிங்காரி. "அந்த வேலமரத்தடியில இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கலாமா?"