அரைஞாணில் ஒரு பித்தளைக் குப்பி

தூளி ஆடிவிடாமல் காளியாயி சேலையின் இரு பக்கமும் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். சில்வர் ஓக் இலைகளின் ஊடே இறங்கும் காலை வெயில், உள்ளே தூங்கும் மகளின் வயிற்றில் நெளிகிறது. அரைஞாண் கயிற்றில் பித்தளைக் குப்பி மினுங்குகிறது. இடிந்த பங்களாவுக்குப் பின்னால் முந்தாநாள் புல் செதுக்கும்போது கிடைத்தது. ஒரு முனையில் சாம்பல் பூத்த ஈயம், மறுமுனைக்கருகே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊசி. கயிறு கட்ட வாகான தாயத்து என்றுதான் எண்ணினாள். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று எஸ்டேட்டில் காவல் பார்க்கும் சடையன், சற்றுமுன் குழந்தையைக் கொஞ்சக் குனிந்தவர், அப்படியே உறைந்துவிட்டார்.

“தாயத்தில்ல கண்ணு. வெள்ளைக்காரன் காலத்துக் கைத்துப்பாக்கித் தோட்டா. இந்த ஊசி மேல அடி விழுந்தா வெடிச்சிரும். புள்ள முழிச்சிரக் கூடாது.”

சடையன் கையிலுள்ள கவாத்துக் கத்தி கயிற்றுக்கடியில் மெல்ல நுழைகிறது. களத்தில் காப்பிக்கொட்டையைக் கிளறும் பலகை கரகரக்கிறது. கணக்கெழுதும் ரைட்டரின் டிரான்சிஸ்டர் எதையோ பாடிக்கொண்டிருக்கிறது. குழந்தை ஒரு காலை உதறுகிறது. கத்தி நின்று, மறுபடி அசைகிறது. கயிறு அறுகிறது. சடையன் தோட்டாவை உள்ளங்கையில் ஏந்தி வெயிலில் திருப்பிப் பார்க்கிறார். அவர் மூக்கு நுனியில் வேர்வை திரண்டு நிற்கிறது.

“ஊசி ஏன் இப்படிச் சாஞ்சிருக்குது?”

தூளிச் சேலையைக் காளியாயி இன்னும் விடவில்லை.

“கயிறு உருவிட்டுப் போவுதுன்னு, வளைச்சுவிடலாம்னு நேத்து நாந்தானுங்கண்ணா கல்லால தட்டுனேன். நாலஞ்சு தட்டு. புள்ள மடியிலதான் இருந்துச்சு.”