அந்தோனியார் முன்னால ரெண்டு மெழுகுவர்த்தி

"முழுசா எரிஞ்சாத்தான் அந்தம்மா வேண்டுனது நடக்குமான்னா கேக்குற, தம்பி?"

அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால எரிஞ்சுகிட்டிருந்த கட்டை மெழுகுவர்த்தி சிரிச்சுச்சு. பக்கத்துல, லூர்தம்மா இப்பதான் ஏத்திவெச்சுட்டுப் போன புதுசு நின்னுச்சு.

"ஆமாண்ணே. புருஷன் குடிய விடணுமாம். நான் பாதியில அணைஞ்சா அவங்க கதி?"

"பாதியிலதான் அணைப்பாங்க. கோயிலைப் பாத்துக்குற உபதேசியார் நம்மள ஊதி அணைச்சு, உருக்கி வார்த்து, மறுபடியும் வாசல்ல விப்பாரு. எனக்கு இது நாலாவது பிறப்பு. முந்தின மூணுலயும் என்னை ஏத்துனது இதே லூர்தம்மா, இதே வேண்டுதல். மூணு தடவையும் அந்தாளு குடிச்சுட்டு இந்தக் கோயில் வாசல்லதான் விழுந்து கெடந்தான்."

"அந்தோனியார் ஒண்ணும் செய்யலியா?"

"என் புகையில மூஞ்சி கறுத்து நிக்கிறாரு. வேற என்ன செய்வாரு?"

புதுசு கொஞ்சம் யோசிச்சுச்சு. "நீங்க விசுவாசத்தோட எரிஞ்சிருக்க மாட்டீங்கண்ணே."

கட்டை பதில் சொல்றதுக்குள்ள கரண்ட் போச்சு. வாசல்ல லூர்தம்மா கத்துனா: "உபதேசியாரே, படி தெரியல, வெளிச்சம் கொண்டாங்க!"

உபதேசியார் கைக்கு எட்டுன கட்டையைத் தூக்குனாரு.

"அப்புறம் பேசுவோம் தம்பி, அந்தம்மா கூப்பிடுது"ன்னு சொல்லிட்டு, அது அவர் கையோட வாசலுக்குப் போச்சு.