காலி மிக்ஸி

மகள் ஷாலினுக்கு இருமல் முட்டும்போதெல்லாம் ரெஜினா மிக்ஸியைப் போட்டுவிடுவாள். அந்த இரைச்சலுக்குள் பிள்ளை இருமித் தீர்த்துக்கொள்ளும். சமையலறைச் சுவரில் பதித்த கருவியாக இருக்கும் டாக்டரின் காதில் எதுவும் விழாது.

முன்பெல்லாம் ஒரு தும்மல் வந்தால்கூட அந்தச் சுவரைத்தான் கேட்பார்கள். எதிர்வீட்டுச் செல்லப்பாவும் அப்படித்தான், "லேசா தலை சுத்துது டாக்டர், என்ன சாப்பிடலாம்?" என்று வாய்விட்டுக் கேட்டார். டாக்டர் அனுப்பிய ஆட்கள் வந்தார்கள். "கொஞ்சம் பார்த்துட்டு அனுப்பிடுறோம்" என்றார்கள். அவரும் இதோ வந்துவிடுவேன் என்று வெறுங்காலோடு போனார். அவர் செருப்பு இன்னமும் வாசலில்தான் கிடக்கிறது. அதற்கப்புறம் அந்தக் குடியிருப்பில் ஒருவருக்கும் ஒரு நோவும் வந்ததில்லை.

இன்று காலை மிக்ஸி நின்றதும் டாக்டரே பேச்சுக் கொடுத்தார்.

"என்னம்மா, சட்னியா?"

"ஆமா டாக்டர், தேங்கா சட்னி."

"தினமும் அரைக்கிறீங்க. ஆனா வீட்டுக்குத் தேங்கா வந்தே ரொம்ப நாளாச்சே. ஜாரும் காலியாத்தான் சுத்துது, சத்தத்துலயே தெரியுது. இருமுறது யாரும்மா?"

ரெஜினா மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஷாலின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் தோள் குலுங்கியது.

"நான்தான் டாக்டர்" என்றாள் ரெஜினா. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமியும் காட்டினாள்.

கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

"சரிம்மா" என்றது அந்தக் கனிவான குரல். "ரெண்டு பேரும் செருப்பைப் போட்டுக்குங்க."