மழையைப் பற்றிப் பேசலாம்

“வார்த்தைக்கு வேர் தேடுற வேலைய இன்னைக்கு ஒரு நாள் மூட்டை கட்டி வைங்கப்பா” என்று சொல்லிவிட்டு, கடைக்குப் போவதாகக் கிளம்பி, நேராக ஜன்னலுக்கு வெளியே சுவரோடு ஒட்டி நின்றேன்.

உள்ளே அப்பாவும் ஒரு பல் டாக்டர் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் துணை போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. பிடித்துப்போனால் பதிவு அலுவலகத்தில் ஒரு கையெழுத்து. இல்லையென்றால், அடுத்த மாதம் நான் வேறு ஊருக்கு வேலைக்குப் போனபின் அப்பா இந்த வீட்டில் அகராதியோடு பேசிக்கொண்டிருப்பார்.

அகராதி அலுவலகத்தில் உட்கார்ந்து ஆங்கிலச் சொற்களின் பூர்வீகத்தைத் தோண்டியே தலை நரைத்தவர். போன முறை வந்த வங்கி அதிகாரி, ‘கப்போர்டு’ முதலில் அலமாரியே இல்லை, கோப்பை வைக்கிற பலகை என்று இவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டார்.

அதனால் இந்த முறை நானே சொல்லிக் கொடுத்திருந்தேன். உடம்பைப் பற்றிப் பேசலாம். மழையைப் பற்றிப் பேசலாம். மற்றதெல்லாம் பிறகு.

“நல்ல மழை” என்றார் அப்பா.

அப்பாடா என்று இருந்தது.

“கூரை விளிம்புலேர்ந்து எப்படிச் சொட்டுது பாருங்க. இங்கிலீஷ்ல இத வச்சு ஒரு வார்த்தை இருக்கு.”

கெட்டது குடி. வேலியில் போன ஓணானை நானே பிடித்து மடியில் விட்டிருக்கிறேன்.

‘ஈவ்ஸ்டிராப்’. ஈவ்ஸ் என்றால் கூரை விளிம்பு, டிராப் என்றால் சொட்டு. கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டு மண்ணில் விழக் கூடாது என்று அந்தக் காலத்தில் சுவரையொட்டிக் கொஞ்சம் இடம் விட வேண்டுமாம். சொட்டு விழும் அந்த இடத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பிறகு அங்கே நின்று வீட்டுப் பேச்சைக் கேட்பவனுக்கும் அதையே சூட்டிவிட்டார்களாம். பிடிபட்டால் அபராதம் வேறு.

அப்பா விடாமல் சொன்னார். கூரையும் விடாமல் என் தலையில் சொட்டியது.

டாக்டர் அம்மா முன்னால் உட்காருகிறவர்கள் வாயைத் திறப்பார்களே தவிர, பேச முடியாது. இப்படி ஒருவரை எவ்வளவு நேரம் தாங்குவார்?

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

போச்சு, இவரும் கிளம்பிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

பாதி சாத்தியிருந்த ஜன்னல் முழுசாகத் திறந்தது. கொடியில் கிடந்த எங்கள் வீட்டுத் துண்டை ஒரு கை வெளியே நீட்டியது.

“தலையத் துவட்டிட்டு உள்ள வாம்மா” என்றார் டாக்டர் அம்மா. “அபராதத்த அப்புறம் பாத்துக்கலாம். ‘டூத்பிரஷ்’ எப்படி வந்துச்சுன்னு நான் அவரக் கேக்கணும்.”