கால் கிலோ மாங்காய்

நடிகை நேத்ரா வீட்டில் சமைக்கும் செண்பகம் கால் கிலோ மாங்காய் கேட்டதுமே, கடைக்காரர் தராசை விட்டுவிட்டு போனை எடுத்து, நடிகையின் பேரில் ஷேர் மார்க்கெட்டில் வாங்கி வைத்திருந்த நேத்ரா பங்குகளையெல்லாம் விற்றார். பின்னால் நின்றவர்களும் விற்றார்கள். ஐந்தே நிமிடத்தில் பங்கு விலை பாதியாகிவிட்டது.

“மேடம் முழுகாம இருக்காங்களா? அப்போ ரெண்டு வருஷத்துக்குப் படம் கிடையாதே.”

“அவங்க இல்லண்ணே, நான்தான்.”

யாரும் நம்பவில்லை. செண்பகம் ஒரு மாங்காயை எடுத்து, அங்கேயே முகம் சுளிக்காமல் கொட்டை வரை கடித்துத் தின்றாள். பங்கு விலை மறுபடி ஏறியது.

வீட்டுக்கு நடக்கும்போது கணவன் போனில் கூப்பிட்டான்.

“ஷேர் மார்க்கெட் நியூஸ்ல சொல்றாங்க, நான் அப்பாவாகப் போறேனாம். என்கிட்ட ஏன்டி சொல்லல?”

“மார்க்கெட் மூடினப்புறம் சொல்லலாம்னுதான் இருந்தேன். நாக்கு கேக்கல.”