இரண்டு டிகிரி

பிற்பகல் வெயிலில் ஒரகடம் ரோட்டு ஆலையின் தகரக் கூரை டப்பென்று சத்தமிட்டு அடங்குகிறது. கண்ணாடி அறையின் சுவரில் 1991 காலண்டர் மின்விசிறிக் காற்றில் அடித்துக்கொள்கிறது. பெயிண்ட்டுக்குப் பிசின் காய்ச்சும் உலையின் சூடு அடுத்த அரைமணியில் எப்படிப் போகும் என்பதைப் புதுக் கம்ப்யூட்டர் கணித்துப் பச்சைக் கோடாக வரைகிறது; அதற்கேற்ப வால்வைத் தானே திருகுகிறது. கோட்டுக்கு மேலும் கீழும் இரண்டு புள்ளிக்கோடுகள். "எது மாறினாலும் சூடு இந்த ரெண்டுக்குள்ளதான் இருக்கும், எல்லப்பன்," என்கிறார் எஞ்சினீயர் ஜெபகுமார். "மூணு வருஷமா நீங்க சூடு எழுதின ரிஜிஸ்டரை வெச்சுத்தான் இந்தக் கோடுகளப் போட்டேன். ரெண்டு டிகிரிக்கு மேல ஆடினதே இல்லையே!" ஆபரேட்டர் எல்லப்பன் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொள்கிறார். ஷிப்ட் முடிகிறபோது, டீ ஆறுவதற்குள், சூட்டுமானி முள்ளைப் பார்க்காமலே எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து நூற்றெண்பது, நூற்றெண்பத்தொன்று என்று மாற்றி மாற்றி எழுதிய கை அது. திரையில் உலையின் நிஜச் சூட்டைக் காட்டி மினுக்கும் பொட்டு மேல் கோட்டைத் தொடுகிறது, தாண்டுகிறது. கண்ணாடிக்கு அப்பால் உலை மூடியின் ஓரம் வெண்புகை நூலாய்க் கசிகிறது. "சார், கோட்டத் தாண்டிகினு போவுது சார்." எல்லப்பன் திரையைக் காட்டுகிறார். "சென்சார் கோளாறா இருக்கும்." ஜெபகுமார் சிரித்தபடியே, அலறத் தொடங்கிய அபாய மணியை நிறுத்துகிறார். "உங்க ரிஜிஸ்டர் பொய் சொல்லுமா?"