தகப்பனார் கையெழுத்து

“அழுதா இன்னும் பத்து ரவுண்டு. ஓடு.”

பாஸ்கெட்பால் சொல்லித்தரும் பி.டி. மாஸ்டர் மாதேஸ்வரன் சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. அந்தத் தணிந்த குரலுக்கே மைதானத்திலிருந்த பையன்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வீங்கிய வலது காலை ஊன்ற முடியாமல், தர்மன் நொண்டியபடி மறுபடி ஓட ஆரம்பித்தான். அவன் செய்த தப்பு, ஒரே ஒரு பந்தைக் கைநழுவ விட்டதுதான்.

அன்வர் பாஷா கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தர்மபுரி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். எண்பத்துநாலு ஜூனில் இந்த மாஸ்டர் மாற்றலாகி வந்தபிறகுதான் பள்ளியில் டீமே உண்டானது. அன்வர் பாஷாவின் மகன் முனாப் அதில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் மூன்று நாள் வயிற்றுவலி என்று படுத்துவிட்டான். காரணம் இப்போது அவருக்குப் புரிந்தது.

சற்றுத் தள்ளிப் புங்கமரத்தின் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். தர்மன் தடுமாறும்போதெல்லாம் வேலிக்கம்பியை இறுகப் பிடித்தாள். மாஸ்டர் இந்தப் பக்கம் திரும்பினால் மரத்தோடு ஒண்டிக்கொண்டாள்.

“உங்க பையனாம்மா?”

தலையாட்டினாள். தன் பெயர் ராஜாமணி என்றாள். கால் வீங்கி மூன்று நாளாகிறது, தூக்கத்தில்கூட ‘ஓடறேன் சார், ஓடறேன் சார்’ என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறான் என்றாள்.

போய்ச் சொல்லலாமே என்று அவர் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது.

“பெத்தவங்க எட்டிப் பாத்தாலே பசங்க கெட்டுப்போவாங்கன்னு சொல்றாருங்க. நான் வந்து நின்னது தெரிஞ்சா அதுக்கும் சேர்த்து அவன்தான் ஓடணும்.”

அதற்குள் தர்மன் கீழே விழுந்தான். யாரும் கிட்டே போகவில்லை. மாஸ்டர் மெல்ல நடந்து வந்து குனிந்து ஏதோ சொன்னார். அவன் சட்டென எழுந்தான். முட்டியில் வழிந்த ரத்தத்தைத் துடைக்கக்கூட அவனுக்குத் தைரியமில்லை.

மறுநாள் மாலை அன்வர் பாஷா மாஸ்டர் மேல் தலைமையாசிரியருக்கு ஒரு மனு எழுதி எடுத்து வந்தார். விளையாட்டு வேண்டும், ஆனால் பிள்ளைகளை வதைக்க வேண்டாம்; பெற்றோர் வந்து பார்க்க விட வேண்டும் என்று எழுதியிருந்தார். பையனை மாஸ்டர் டீமிலிருந்து நீக்கிவிடுவாரோ என்று தயங்கித் தயங்கி நாலு தகப்பன்மார் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

ராஜாமணி அதே மரத்தடியில் நின்று அதை இரண்டு தடவை படித்தாள். படித்து முடித்ததும் காகிதத்தை முந்தானைக்குள் மறைத்துப் பிடித்தாள்.

“பயமா இருந்தா வேணாம்மா,” என்றார் அன்வர் பாஷா. “உங்க வூட்டுக்காரர்கிட்ட காட்டுங்க. பெத்த தகப்பன், அவரு போட்டாலே போதும்.”

அவள் மைதானத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கி, தன் பெயரை முழுசாக எழுதினாள்.

“அவரு போட மாட்டாருங்க பாய்,” என்றாள். “இந்த மனுவே அவரு மேலதானே.”